ஆத்தா சத்தியமா

அம்பிகாவுக்கு எந்தச் செய்தியையும் இரண்டாவது ஆளாகக் கேட்பது பிடிக்காது. கல்யாணமோ கருமாதியோ, ரேஷன் கடைக்குப் பாமாயில் வந்ததோ, தெருவில் முதலில் தெரிந்தது தனக்குத்தான் என்று இருக்க வேண்டும். சித்தையன்கோட்டைக்கும் செம்பட்டிக்கும் நடுவில் உள்ளே ஒதுங்கிக் கிடக்கிற ஆலங்கரைப்பட்டியில், முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள் அவள். அளவு கொடுக்க வருகிறவள் ஊர்க்கதையையும் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அதனால் பல வருஷம் அந்தத் தெருவுக்குப் பேப்பர், டிவி எல்லாமே அம்பிகாவின் வாசல்தான்.

வாட்ஸ்அப் வந்தது, அந்தப் பெருமையில் மண் விழுந்தது. மகளிர் குழுவுக்கென்று தொடங்கிய குரூப்பில் ஆளாளுக்குச் செய்தி வாசிக்க ஆரம்பித்தார்கள். அம்பிகா எதை அனுப்பினாலும் எதிர்வீட்டுச் சுப்புத்தாய், "இது போன மாசமே வந்துருச்சுக்கா" என்று ஒரு வரி போடுவாள். கூடவே கொட்டாவி விடுகிற பொம்மை ஒன்று. அந்தப் பொம்மையைப் பார்த்தால் அம்பிகாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். சோற்றுக்கு உப்பு குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள், அந்தக் கொட்டாவியைப் பொறுக்க மாட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம், நாகல் நகரில் இருக்கும் அவள் அண்ணி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். பிள்ளை பிடிக்கிற கும்பல் பிச்சைக்காரர் வேஷத்தில் சுற்றுகிறது, எல்லோருக்கும் பகிருங்கள் என்று எழுதி, எந்த ஊர் என்றே தெரியாத மங்கலான படம் ஒன்று. அம்பிகா அதைக் குரூப்புக்குத் தள்ளிவிடத்தான் போனாள். கொட்டாவிப் பொம்மை ஞாபகம் வந்தது. விரல் நின்றுவிட்டது. எழுத்தாகப் போனால் இவளுகள் மதிக்க மாட்டாளுகள் என்று நினைத்தாள். மைக் பொத்தானை அமுக்கிப் பேச ஆரம்பித்தாள்.

"அக்கா, தங்கச்சி, எல்லாரும் பிள்ளைகளைப் பத்திரமா வச்சுக்கங்க. பிள்ளை பிடிக்கிறவ நம்ம பக்கமே வந்துட்டா. நேத்து ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டுல..."

இந்த இடத்தில் ஒரு நொடி தடுமாறினாள். பிள்ளை பிடிக்கிறவள் என்றால் அவளுக்கு ஒரு உருவம் வேண்டுமே. மிஷின் மேல், திருவிழாவுக்குத் தைக்கக் கொடுத்த மஞ்சள் ஜாக்கெட் துணி கிடந்தது.

"...மஞ்சச் சேலை கட்டியிருந்தா. பிச்சை கேக்குற மாதிரி வந்து ஒரு பச்சப்பிள்ளை கையைப் பிடிச்சு இழுத்தா. ஜனம் கூடவும் ஓடிட்டா. ஆத்தா சத்தியமா, நானே என் கண்ணால பார்த்தேன்."

விரலை எடுத்தாள். செய்தி போய்விட்டது. அம்பிகா ஒட்டன்சத்திரத்தை மிதித்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. அவள் புருஷன் கமலக்கண்ணன்தான் தினமும் குட்டியானை வண்டியில் காய் ஏற்றிக்கொண்டு அங்கே மார்க்கெட்டுக்குப் போய்வருகிறவன்.

தரையில் வெட்டுத்துணிகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்த மகள் கனிஷ்கா, வாயைப் பிளந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

"நெசமாவாம்மா?"

"ஆமாடி. யார் கூப்பிட்டாலும் கிட்டப் போகாத, என்ன?"

அன்றைக்குக் கொட்டாவிப் பொம்மை வரவில்லை. சுப்புத்தாய் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "அக்கா, நெசமாவே பார்த்தீங்களா?" என்றாள். அவள் பின்னாலேயே நாலைந்து பேர். அம்பிகா சொல்லச் சொல்ல அந்த மஞ்சச் சேலைக்காரிக்கு உயரம் வந்தது, கோணல் பல் வந்தது, ஓடும்போது கழன்று விழுந்த செருப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தன் வாசல் நிறைந்திருப்பதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பிள்ளைகளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்பதில் என்ன கெடுதல் இருக்கிறது? நல்லதற்காகச் சொல்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனுஷர்களுக்குப் பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

கதை அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். மறுநாள் வத்தலக்குண்டு சொந்தக்காரர் குரூப்பிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. செம்பட்டி ரோட்டில் மஞ்சச் சேலை கட்டிய பொம்பளை ஒருத்தி திரிகிறாள், திருநீற்றில் மயக்க மருந்து வைத்திருக்கிறாள், ஜாக்கிரதை என்றது. அதற்கடுத்து ஒரு வாத்தியார் மாதிரிப் பேசுகிற இன்னொரு குரல். அதிலும் மஞ்சச் சேலை.

அம்பிகா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். அட, நாம் சும்மா சொன்னது நிஜமாகவே இருக்கிறதே! அந்தச் சேலை தன் மிஷின் மேல் கிடந்த துணியிலிருந்து கிளம்பிப் போனது, ஊரைச் சுற்றிவிட்டுத் தன்னிடமே திரும்பியிருக்கிறது என்று அவளுக்கு உறைக்கவில்லை. ஆத்தாதான் தன் நாக்கில் உட்கார்ந்து முன்கூட்டியே சொல்ல வைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததும் உடம்பு சிலிர்த்தது. அன்றிலிருந்து கனிஷ்காவை வாசல் தாண்ட விடவில்லை. தானே பெற்ற பொய்க்குத் தானே பயந்து கதவைச் சாத்துகிறவளை என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை, வெயில் ஏறிய நேரம். வாசலில் ஒரு குரல்.

"ஆத்தா பேரால மடிப்பிச்சை, தாயி."

அம்பிகா மிஷினை நிறுத்தினாள். படியில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயசிருக்கும். மஞ்சள் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், தோளில் ஒரு துணிப்பை. முந்தானையை மடியாகக் கட்டி ஏந்தியிருந்தாள், அதில் கொஞ்சம் அரிசி கிடந்தது. மாசி மாதம் அந்தப் பக்கத்தில் யார்தான் மஞ்சள் கட்டவில்லை? மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மடிப்பிச்சை எடுத்து வருகிறவர்களுக்கு அம்பிகா எத்தனை தடவை அரிசி போட்டிருக்கிறாள், போட்டுவிட்டு அவர்கள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியிருக்கிறாள். அவளே கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை மஞ்சள் கட்டிப் பிச்சை எடுத்தவள்தான். அதெல்லாம் அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மஞ்சள் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"எந்த ஊரு?" என்றாள்.

"ஆத்தா வீட்டுல இருந்து வாரேன், தாயி."

"அது சரி. ஊருக்குப் பேரு இருக்கும்ல?"

அந்தப் பெண் சங்கடமாகச் சிரித்தாள். "இது பிள்ளை இருக்கிற வீடுன்னு சொன்னாங்க. பாப்பா கையால ஒரு பிடி அரிசி போடச் சொல்லுங்க, போதும்."

பிள்ளை இருக்கிற வீடு என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்! அம்பிகா மிஷினை விட்டு எழுந்தாள். "உம் பேரு என்ன? சொல்லு" என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

இதற்குள் கனிஷ்கா அடுப்படிக்கு ஓடி, கை கொள்ளாத அரிசியை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மடிப்பிச்சைக்குப் போடுவது அந்தப் பிள்ளைக்குப் பிடித்தமான வேலை. விரலிடுக்கில் அரிசி சிந்தச் சிந்த அவள் படியை நோக்கிப் போக, அந்தப் பெண் முகம் மலர்ந்து, குனிந்து, மடியை விரித்து நீட்டினாள். அம்பிகா பாய்ந்து மகளைப் பின்னால் இழுத்துத் தள்ளினாள். இன்னொரு கையால் அந்தப் பெண்ணின் பையைப் பிடுங்கினாள். பை கவிழ்ந்து அதிலிருந்து ஒரு சின்னப் பையனின் சட்டை விழுந்தது.

"யார் பிள்ளை சட்டைடி இது?"

அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. சட்டையை எடுக்கத்தான் குனிந்தாள்.

"பிள்ளை பிடிக்கிறவ! ஓடியாங்க, பிள்ளை பிடிக்கிறவ!"

தெரு கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சுப்புத்தாய் விளக்குமாறோடு வந்தாள். குழாயடியில் நின்றவர்கள் வந்தார்கள். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் அப்படியே வந்தார்கள். யார் முதலில் அடித்தது என்று அப்புறம் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கொண்டையைப் பிடித்தது யார், மடியைப் பிடித்து இழுத்து அரிசி முழுவதையும் சாக்கடையில் சிந்த வைத்தது யார் என்பது அம்பிகாவுக்குத் தெரியும். அவள் கைதான். அரிசி சிந்தியபோது அந்தப் பெண் போட்ட சத்தம், அடி விழுந்தபோது போட்ட சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது. கரண்ட் கம்பத்தில் சாய்த்துக் கையைப் பின்னால் கட்டப் போனபோதுதான் அவள் உடைந்தாள்.

"சின்னாளப்பட்டி! எம் பேரு மணிமேகலை! எம் புருசன் பழனிக்குமாரு, தறி போட்டுருக்காரு! அது எம் பிள்ளை சட்டை! போதுமா? சொல்ல வச்சுட்டீங்களே... என்னையச் சொல்ல வச்சுட்டீங்களே!"

அந்த நேரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பிரான்சிஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அடப்பாவிகளா, இந்த அக்காவைச் செம்பட்டியில இருந்து ஏத்திக்கிட்டு வந்ததே நான்தான். பிள்ளை இருக்கிற வீடு எதுன்னு கேட்டுச்சு, நான்தான் இந்தத் தெருவைக் காட்டுனேன். வேண்டுதலுக்கு வந்துருக்குன்னு வேதக்காரன் எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலையா? மாசி மாசம் மஞ்சச் சேலை கட்டுனவளை எல்லாம் அடிப்பீங்கன்னா உங்க வீட்டுப் பொம்பளைகளை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைப்பீங்க?"

கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரோ ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கவில்லை. தெருவில் மண்டிபோட்டு, சாக்கடை ஓரத்தில் நனையாமல் கிடந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிரான்சிஸ்தான் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தான்.

போலீஸ் வந்தது. யார் முதலில் கத்தியது என்று கேட்டார்கள். தெரு மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. போனில் என்ன வந்தது, காட்டுங்கள் என்றார்கள். காட்டிய போன் எல்லாம் அதற்குள் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, அம்பிகா மட்டும் போனை வெளியே எடுக்கவே இல்லை. சின்னாளப்பட்டிக்காரர்கள் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். போலீஸ் வண்டி தெருமுனை திரும்பியதும் பேச்சுத் திரும்பி வந்தது. "தப்புத்தான், ஆனா பிள்ளை முக்கியம்ல?" என்றது ஒரு குரல். "பேரைக் கேட்டா உடனே சொல்ல வேண்டியதுதானே?" என்றது இன்னொன்று. சுப்புத்தாய் அம்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள். "நீங்க பார்த்தவ வேற, இவ வேறக்கா. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அந்த ஆறுதலைக் கேட்டபோதுதான் அம்பிகாவுக்கு அந்தக் கேள்வி வந்தது. நான் யாரைப் பார்த்தேன்? உயரமாக, கோணல் பல்லோடு ஒருத்தியின் முகம் அவளுக்குத் தெளிவாகவே ஞாபகம் வந்தது. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவள் போனை எடுத்து, தன் குரலை அழித்தாள். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிப் பார்த்தபோது கனிஷ்கா வாசற்படியில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது.

கமலக்கண்ணன் சாயங்காலம் வந்தான். கை கால் கழுவவில்லை. மிஷின் பக்கத்தில் வந்து நின்றான்.

"மார்க்கெட்டுல லோடு இறக்குற பயக ஒரு பேச்சைப் போட்டுக் காட்டுனானுக. உங்க வீட்டுக்காரம்மா குரல் மாதிரி இருக்கேண்ணேன்னு சிரிச்சானுக. இருக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்." அப்புறம் கேட்டான். "நீ எப்ப ஒட்டன்சத்திரம் வந்த, அம்பிகா?"

அவள் துணியை மடித்தாள். பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"சும்மா சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க மாமா. அதான் பார்த்தேன்னு சொன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. சோறு போட்டு வைத்ததைத் தொடவும் இல்லை. வெளியே போய் வண்டியின் பின்கதவில் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்புறம் உள்ளே வந்து, "நாளைக்குச் சின்னாளப்பட்டிக்குப் போறோம். மன்னிப்புக் கேக்கணும். எதுக்குக் கேக்குறேங்கிறதையும் சொல்லிக் கேக்கணும்" என்றான். அம்பிகா சரி என்று தலையாட்டினாள். முதல் பாதிக்கு மட்டும்தான் மனசுக்குள் சரி சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு மலைவாழைப்பழமும், புதுசாக ஒரு மஞ்சப்பை நிறையப் பச்சரிசியும் எடுத்துக்கொண்டாள். கனிஷ்காவையும் கூட்டிப்போனாள். பிள்ளை கூட இருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்ற கணக்கு. தறிச்சத்தம் கேட்கிற சந்துக்கு வெளியிலேயே கமலக்கண்ணன் வண்டியை நிறுத்திவிட்டான். "நீயே போ. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உள்ள வர்றது?"

மணிமேகலை இன்னும் மஞ்சள் சேலைதான் கட்டியிருந்தாள், வலது கன்னம் வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. கதவைத் திறந்தவள் அம்பிகாவை அடையாளம் கண்டுகொண்டாள், ஆனாலும், "உள்ள வாங்க" என்றாள். பாய் விரித்தாள், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். உள்ளறையில் பழனிக்குமார் தறியை நிறுத்தவே இல்லை. வந்திருப்பது யார் என்று தெரிந்தும் எழுந்து வரவில்லை. சுவரோரம் கட்டிலில் ஒரு பையன் ஒட்டிப்போன கன்னத்தோடு தூங்கிக்கொண்டிருந்தான். நேற்றுத் தெருவில் விழுந்த சட்டை அவன் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தது.

அம்பிகா குரலைத் தாழ்த்தியே பேசினாள். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தன் குரல் எத்தனை போனில் போயிருக்கிறது என்று அவளுக்கல்லவா தெரியும்?

"எங்க தெருக்காரங்க அவசரப்பட்டுட்டாங்க தங்கச்சி. எல்லார் போன்லயும் வந்துச்சு. அதைக் கேட்டுட்டு..."

"தெருக்காரங்களை விடுங்க. மடியைப் பிடிச்சு இழுத்தது நீங்கதானே?"

"நான்தான். பிள்ளையைப் பத்துன பயம்..."

மணிமேகலை கோபப்படவில்லை. பையனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன மாசம் இவனுக்கு மூளைக்காய்ச்சல். டாக்டரே கையை விரிச்சுட்டாரு. பிழைச்சு எந்திரிச்சா, இவன் சட்டையோட தெரியாத ஊருல போய், பிள்ளைக கையால அரிசி வாங்கி, பொங்கல் வைக்கிறேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். எங்க வகையறா வழக்கம் அது. வாங்கி முடிக்கிற வரைக்கும் பேரும் ஊரும் சொல்லக் கூடாது. சொல்லிட்டா வேண்டுதல் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அதான் நீங்க கேட்டப்போ சொல்லல." கையை நீட்டிப் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அடி வலி தாங்காம சொல்லிட்டேன். நேத்து சாயங்காலத்துல இருந்து இவனுக்கு மறுபடியும் உடம்பு லேசாச் சுடுது."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றாள் அம்பிகா.

"எனக்கு அந்தப் பொம்பளை மேலகூடக் கோவம் இல்லக்கா. அதான், பஸ் ஸ்டாண்டுல நேர்ல பார்த்தேன்னு பேசுச்சே, அந்தப் பொம்பளை. எங்க தெரு குரூப்புக்கும் வந்துச்சு. பிள்ளை பிடிக்கிறவ மஞ்சச் சேலைன்னு கேட்டுட்டு, இவனை உள்ள வச்சுக் கதவைப் பூட்டச் சொல்லி அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் கிளம்புனேன். நான் கட்டியிருக்கிறதும் மஞ்சச் சேலைதான்னு எனக்கே உறைக்கல பாருங்க. ஆத்தா மேல சத்தியம் பண்ணுன பிறகு யாரு நம்பாம இருப்பா? அது பார்த்ததைச் சொல்லியிருக்கும், பாவம்."

அந்தப் 'பாவம்' அம்பிகாவை அறைந்த மாதிரி இருந்தது. அடித்தவளைக்கூட விட்டுவிட்டு, பொய் சொன்னவளுக்குப் பரிந்து பேசுகிறாள். இப்போது சொல்லிவிடலாம், இதைவிட்டால் நேரமில்லை என்று மனசு சொன்னது. சொல்லவில்லை. வாழைப்பழச் சீப்பை எடுத்துப் பாயில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தாள்.

மணிமேகலை பழத்தைப் பார்க்கவில்லை. கனிஷ்காவைப் பார்த்தாள். "பூசாரிகிட்டக் கேட்டோம். விட்டுப்போன வீட்டுப் பிள்ளை கையாலேயே ஒரு பிடி வாங்கிட்டா ஆத்தா ஏத்துக்குவாளாம். நானே அங்க வரணும்னுதான் இருந்தேன். பயமா இருந்துச்சு. நீங்களே கூட்டிட்டு வந்துட்டீங்க." அவள் எழுந்து, முந்தானையை உதறி, மடியாகக் கட்டி ஏந்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "பாப்பா, அத்தை மடியில ஒரு பிடி போடுறியாடா?"

இவ்வளவு சுலபமாகவா என்று அம்பிகாவுக்கு உயிர் வந்தது. அவசரமாக மஞ்சப்பையைப் பிரித்தாள். "போடு பாப்பா. நீதான் நல்லா அள்ளிப் போடுவியே."

கனிஷ்கா அசையவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள். அம்பிகா அவள் கையைப் பிடித்து அரிசிக்குள் விட்டாள். பிள்ளை கையை உருவிக்கொண்டு வீறிட்டது. கட்டிலில் பையன் விழித்துக்கொண்டான்.

"மாட்டேன்! அது பிள்ளை பிடிக்கிறவ!"

"இல்லடா பாப்பா, அத்தைடா இது..."

"நீதானேம்மா சொன்ன! ஒட்டன்சத்திரத்துல பார்த்தேன், மஞ்சச் சேலை கட்டியிருந்தா, கையைப் பிடிச்சு இழுத்தான்னு போன்ல சொன்னியே! ஆத்தா சத்தியமான்னு சொன்னியே!"

தறி நின்றது.

அம்பிகா தலை நிமிரவில்லை. நிமிராமலே, மஞ்சள் சேலையின் மடி இன்னும் தன் முன்னால் விரிந்தபடி இருப்பதைப் பார்த்தாள். உள்ளறை வாசலில் பழனிக்குமாரின் கால்கள் வந்து நின்றன.

"நீங்களா?" என்றாள் மணிமேகலை. சத்தமே இல்லாமல் கேட்டாள். "நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"யாரையும் பார்க்கல. அந்த ஊருக்கே போகல. மிஷின் மேல மஞ்சத் துணி கிடந்துச்சு, அதான்... எல்லாரும் என் பேச்சைக் கேக்கணும்னு..." அதற்கு மேல் வரவில்லை. மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகியது. துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் சத்தம் போட்டு அழுதாவது தீர்த்திருப்பாள். மணிமேகலை மடியை அவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்றுதான் அம்பிகா நினைத்தாள். அவள் போகவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த மகனை ஒரு தடவை பார்த்தாள், மறுபடியும் குனிந்து மடியை நீட்டினாள். அவளுக்கு அந்த ஒரு பிடி வேண்டும். யாருடைய பிள்ளை என்று பார்க்கிற நிலைமையில் அவள் இல்லை.

அம்பிகா மகளை முன்னால் இழுத்து, முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, இங்க பாரு. அம்மா பொய் சொன்னேன். பிள்ளை பிடிக்கிறவ யாரும் இல்ல. இந்த அத்தை நல்லவங்க. அம்மாதான் கெட்டவ. அம்மா சொன்னது பூராம் பொய்யி."

கனிஷ்கா அழுகையை நிறுத்தினாள். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் மஞ்சள் சேலையைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள்.

"இப்ப சொல்றது நெசமாவாம்மா?"

ஆத்தா சத்தியமா என்று சொல்லத்தான் அம்பிகா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைதான் முதலில் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். வேறு என்ன சொல்லி இந்தப் பிள்ளையை நம்ப வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மணிமேகலை மடியை ஏந்தியபடியே நின்றிருந்தாள்.